பிக்ஹார்ன் ஆடு மட்டும் ஏன் நிமோனியால கொத்து கொத்தா சாகுது?

மலைக்கிறுக்கன்:
அமெரிக்காவுல ராக்கி மலைப் பக்கம் இருக்குற பிக்ஹார்ன் காட்டு செம்மறி பத்தி ஒரு வீடியோ பார்த்தேன். பண்ணை செம்மறி கிட்ட போனாலே நிமோனியா ஒட்டிக்குதாம், 2009-10 குளிர்காலத்துல மொன்டானா, நெவாடா, வாஷிங்டன்னு பல மாநிலத்துல மந்தை மந்தையா போயிருக்கு. ஆனா நோயக் கொடுத்த பண்ணை ஆடு ஜம்முனு மேயுது. ரெண்டும் செம்மறி தானே, பிக்ஹார்னுக்கு நுரையீரல்ல எதிர்ப்பு செல்லே கிடையாதா?

வெட்காலேஜ்பொண்ணு:
செல்லெல்லாம் இருக்குங்க, வம்பே அதுலதான். மான்ஹீமியா ஹீமோலிட்டிகான்னு ஒரு பாக்டீரியா லூக்கோடாக்சின்னு ஒரு விஷத்த விடும், அது வெள்ளை அணு மேல இருக்குற சிடி18ங்குற புரதத்தப் புடிச்சுக்கிட்டு செல்லுல ஓட்டை போட்டுடும். சண்டைக்கு வந்த நியூட்ரோஃபில்ங்குற வெள்ளை அணு அங்கேயே செத்து, கிருமியக் கொல்ல உள்ள வச்சிருந்த என்சைம் பூரா கொட்டி நுரையீரலையே அரிச்சுடும். செத்த ஆட்ட அறுத்துப் பார்த்தா நுரையீரலோட முன்பக்கம் கீழ்ப்பகுதி கருஞ்சிவப்பா, ஈரல் மாதிரி கெட்டியா இருக்கும், ஒரு துண்டு வெட்டி தண்ணியில போட்டா மிதக்காம அடியில போயிடும்.

சும்மா_வந்தேன்:
ஐயோ, அப்ப மனுசனுக்கு?

வெட்காலேஜ்பொண்ணு:
பயப்படாதீங்க. சிடி18 தயாராகும்போது நுனியில சிக்னல் பெப்டைடுன்னு ஒரு சின்னத் துண்டு இருக்கும், நமக்கும் எலிக்கும் அது வெட்டுப்பட்டு போயிடும், ஆடு மாடு மாதிரி அசைபோடுறதுங்களுக்கு வெட்டுப்படாம அப்படியே நிக்கும். அந்த விஷம் புடிக்கிற இடமே அதுதான். வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க 2009ல கண்டுபுடிச்சது.

மலைக்கிறுக்கன்:
லாஜிக் இடிக்குதே மேடம், பண்ணை ஆடும் அசைபோடுற சாதி தானே?

கால்நடை_சேகர்:
நல்ல கேள்வி தம்பி. பண்ணை ஆட்டுக்கும் அந்த விஷம் ஏறும், ஆனா பிக்ஹார்னோட நியூட்ரோஃபில் ரொம்ப கம்மி டோஸ்லயே செத்துடுது. பண்ணை ஆட்டு ரத்தத்துல இந்த விஷத்த முறிக்கிற ஆன்டிபாடியும் ஜாஸ்தி. இதுக்கும் முன்னாடி இன்னொருத்தன் வேலையக் காட்டிடுறான், மைக்கோபிளாஸ்மா ஓவிநிமோனியேன்னு வேற ஒரு பாக்டீரியா. மூச்சுக்குழாய்ல சளியத் தள்ளி வெளியேத்துற மயிரிழைங்க மேல போய் ஒட்டிக்கிட்டு அத செயலிழக்க வச்சிடும், அப்புறம் கண்ட கிருமியும் உள்ள இறங்கும். என்னக் கேட்டா முதல் குற்றவாளி இவன்தான், மான்ஹீமியா பின்னாடி வர்றவன். பெரிய ஆடு சிலது பிழைச்சாலும் கிருமியச் சுமந்துக்கிட்டே திரியும், அடுத்தடுத்த வருசம் பொறக்குற குட்டிங்க ரெண்டு மூணு மாசத்துலயே போயிடும். தெற்கு டகோட்டாவுல அப்படிச் சுமக்குற பெண் ஆடுங்கள மட்டும் டெஸ்ட் பண்ணி மந்தையிலருந்து நீக்கினாங்க, அதுக்கப்புறம் குட்டிங்க தங்குச்சு.