மறு: புல்கெண்டைக் குடல், 'காப்லெட்' செல்லுக்குத் தமிழ் என்ன?

விலங்கியல் ஆசிரியை:
வணக்கம். செய்முறைக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. புல்கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தொண்டைப் பற்கள் அரைத்த புல் நேராகக் குடலுக்கு வந்துவிடும். குறுக்குவெட்டில் உயரமான மடிப்புகள், அவற்றின்மேல் ஒற்றை வரிசைத் தூண் செல்கள், நடுநடுவே சளி சுரக்கும் 'காப்லெட்' (goblet, கோப்பை வடிவ) செல்கள். இவற்றைக் 'கோப்பைச் செல்' என்றும் மடிப்பைக் 'குடலுறிஞ்சி' என்றும் எழுதியிருக்கிறேன். சரிதானா?

தமிழாசிரியர்:
அம்மா, குவளை இருக்கக் கோப்பை எதற்கு? சளியும் வேண்டாம், பிள்ளைகளுக்கு மூக்குதான் நினைவுக்கு வரும். மீன் கழுவுகிறவர்கள் சொல்லும் 'வழும்பு' இருக்கிறதே! வழுக்கு, வழுவழுப்பு, வழும்பு எல்லாம் ஒரே வேர். இலக்கணத்தில் வரும் வழுவும் வழுக்கி விழுவதுதான். வழாநிலை என்றால் வழுக்காமல் நிற்பது. 'வழும்புக் குவளை' என்று வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, எங்கள் பாடநூல்களில் செல்லுக்குக் கலம் என்றுதான் பெயர். குவளைக்கலம் என்றால் பாத்திரத்துக்குள் பாத்திரம் ஆகிவிடும். சங்கப் பாட்டில் குவளை நீர்ப்பூ என்பதையும் பாருங்கள்.

நோய்க்குறியியல் மருத்துவர்:
வடிவத்தை வைத்துப் பெயரிட்டால் மாணவர் தடுமாறுவார். சளி நிறைந்தால்தான் அது கோப்பை. கொட்டியபின் ஒல்லியாகத் தூண் செல்களுக்கிடையே ஒளிந்துவிடும். வழக்கமான ஹீமடாக்சிலின்–ஈயோசின் சாயத்தில் வெளிறிய குழிதான் தெரியும். ஆல்சியன் நீலம் என்ற சாயம் போட்டால் நீலம், பி.ஏ.எஸ். (PAS) என்ற சாயமுறையில் கருஞ்சிவப்பு. 'சளிச் செல்' போதும்.

குடலுறிஞ்சி மட்டும் கட்டாயம் வேண்டாம். நம் குடலில் அது விரல்போல் நீண்டு, நடுவே நிணநீர்க் குழலோடு இருக்கும். கெண்டை மீனில் இருப்பது வரப்புபோல் ஓடும் மடிப்பு. அந்தக் குழலும் இல்லை, அடியில் சுரப்பிக் குழிகளும் இல்லை. வெட்டுமுகத்தில் இரண்டும் விரலாகத் தெரிவதால்தான் இந்தக் குழப்பம்.

தமிழாசிரியர்:
நீலமா? குவளையும் நீலப்பூதானே டாக்டர்! பெயர் இதைவிடப் பொருந்துமா?

விலங்கியல் ஆசிரியை:
பூவை நினைத்துச் சாயம் போட்டால் பி.ஏ.எஸ். வில்லையில் என்ன சொல்வது ஐயா? பள்ளிப் புத்தகத்தில் கோப்பை என்று படித்து வந்தவர்கள்தான் என் மாணவர்கள். முதல் இடத்தில் 'சளி சுரக்கும் கோப்பைச் செல்', பிறகு 'கோப்பைச் செல்'. குடலுறிஞ்சியை எடுத்துவிட்டேன், 'மடிப்பு' போதும். பெரும்பாலோர் இதற்கு ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள். குவளையை விட்டுவிடுகிறேன், வழும்பை விடமாட்டேன். மீன் தோல் பாடத்துக்கும் 'சளி' என்றுதான் எழுதப்போகிறீர்களா?