நாலு மணிக்கு மேல் துள்ளிய அளவு

பீன்யா தம்பி:
பெங்களூரு பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். அலுமினிய காஸ்டிங் (வார்ப்பு), அதைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸரில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று லேசரும் கேமராவும் வைத்துத்தான் பார்ப்போம். மேலிருந்து செங்குத்தாக ஒரு சிவப்பு லேசர் கோடு விழும். கேமரா அதைச் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் பார்க்கும். காஸ்டிங் 1 மி.மீ. உயர்ந்தால் கேமராவின் பார்வையில் கோடு 0.5 மி.மீ. தள்ளித் தெரியும். அதை வைத்து உயரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். பொருளைத் தொடவே வேண்டாம். முதல் நாள் இதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இன்றும் அந்தப் பிரியம் குறையவில்லை.

போன மார்ச்சில் ஒரு சிக்கல். காலையெல்லாம் ஒழுங்காக வரும் அளவு நாலு மணிக்கு மேல் தாறுமாறாகத் துள்ளியது. காஸ்டிங்கைச் சரியாக வைக்கவில்லை என்று ஆபரேட்டர் மேல் பழி. கிருஷ்ணகிரிக்காரர், வயதில் மூத்தவர். அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் நாலு மணிக்கு மெஷின் பக்கத்திலேயே நின்றேன். இரண்டாம் நாள் கண்ணில் பட்டது: மேற்குச் சுவரின் தகர ஷீட்டில் கையகல இடைவெளி. அது வழியாக வெயில் இறங்கி, கடைந்த பளபளப்பான பரப்பில் பட்டு, நேராக லென்ஸுக்குள் அடித்தது. கோடு எங்கே என்று தேடும் மென்பொருள் அந்தப் பளிச்சைக் கோடு என்று எடுத்துக்கொண்டது.

இடைவெளியை அடைத்தோம். லேசரின் நிறத்தை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரை லென்ஸில் மாட்டினோம். கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரத்தையும் (எக்ஸ்போஷர்) குறைத்தோம். அப்புறம் அளவு அசையவில்லை. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அந்த அண்ணனிடம் வருத்தம் தெரிவித்தார். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

இந்த மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

அல்சூர் அக்கா:
தம்பி, எங்களைச் சுற்றலில் விட்டது சலங்கை. நான் பரதம் சொல்லிக் கொடுக்கிறேன். என் மாணவியின் அடவுகளைப் பதிவு செய்ய உடம்பின் அசைவைக் கேமராக்களால் அளந்து பதியும் ஒரு மோஷன் கேப்சர் ஸ்டுடியோவுக்குப் போயிருந்தோம். உடம்பெல்லாம் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டினார்கள். நெடுஞ்சாலைப் பலகை வண்டி விளக்கில் மின்னுமே, அதே பூச்சுதான். வந்த வழியே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஒவ்வொரு கேமராவும் தன் லென்ஸைச் சுற்றி அகச்சிவப்பு விளக்கோடு இருந்தது. குறைந்தது இரண்டு கேமராவாவது ஓர் உருண்டையைப் பார்த்தால்தான் அது இருக்கும் இடம் கிடைக்குமாம்.

தட்டடவு தொடங்கியதும் திரையில் கணுக்காலைச் சுற்றி இல்லாத புள்ளிகள் முளைத்து மறைந்தன. பித்தளை மணிகளின் மினுக்கம்! கழற்றச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கனம் இல்லாமல் மிதித்தால் பாதம் விழும் விதமே மாறிவிடும், பிறகு பதிவு செய்து என்ன பயன்? மணிகளின் மேல் பளபளப்பு இல்லாத கறுப்புப் பருத்தித் துணியைத் தளர்வாகச் சுற்றினோம். கனமும் இருந்தது, பொய்ப் புள்ளிகளும் போயின.

முருகேஷ்பாளையா:
வீட்டில் இரண்டு வெப்கேமரா வைத்துத் தூரம் அளந்து பார்க்கிறேன். முதலில் கேமராக்களைச் சதுரங்கக் கட்டத்தாள் காட்டிப் பழக்க வேண்டும்; கட்டம் நாம் சொன்ன அளவில் இருந்தால்தான் தூரமும் சரியாக வரும். ஜெங்யோ ஜாங் என்ற ஆராய்ச்சியாளர் 2000இல் வெளியிட்ட முறைதான் இன்றும் பரவலாக ஓடுகிறது. ஆனால் 2 மீட்டரில் இருந்த சுவர் எனக்கு 2.07 என்றே வந்தது. ஒரு வாரம் புரோகிராமைத் தோண்டினேன். கடைசியில் ஸ்கேலை எடுத்துக் கட்டத்தை அளந்தால், 25 மி.மீ. இருக்க வேண்டியது 24.2. ஜெராக்ஸ் கடையில் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அச்சடித்திருக்கிறார்கள். பிரிண்ட் எடுப்பவர்கள் 100 சதவீத அளவு என்று சொல்லி எடுங்கள், எடுத்ததும் அளங்கள்.

பீன்யா தம்பி:
அண்ணா, எங்கள் ஷாப்பிலும் ஒரு கட்டத்தாள் பல வருடமாகத் தொங்குகிறது. நாளைக்குக் காலை முதல் வேலையாக வெர்னியர் வைத்து அளக்கிறேன். அக்கா, அந்தப் பதிவைப் பார்க்க முடியுமா?