முன்னறிவிப்பு பலித்ததா என்று எப்படிக் கணக்கெடுப்பது?

திருக்கடலூர்ப் பிள்ளை:
அப்பா கடற்றொழில். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நிலநடுக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் மாறிவிடும். யூடியூபில் ஒருவர், "அந்தமானுக்கும் ஜாவாவுக்கும் இடையில் பத்து நாளுக்குள் 5க்கு மேற்பட்ட அளவில் நடுக்கம் வரும்" என்று அடிக்கடி சொல்கிறார். அது வாட்ஸ்அப்பில் வந்ததும் அப்பா வள்ளத்து என்ஜினைக் கழற்றி விறாந்தையில் வைத்துவிடுவார். போன வருடம் 12 தடவை. நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டேன். 10 பலித்திருக்கிறது. அப்போ அந்த மனிதருக்கு உண்மையாகவே தெரியுமா?

பூகோள ரீச்சர்:
பிள்ளை, பத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். உலகத்தில் 5க்கு மேல் வருடத்துக்கு ஆயிரத்துக்கும் கூடுதலாக வருகிறது. நீர் சொல்லும் பகுதி அதில் பெரிய பங்குகாரன். ஒரு பால்மா டின்னில் 365 திகதிகளையும் துண்டு போட்டு, கண்ணை மூடி 12 எடும். ஒவ்வொன்றில் இருந்தும் பத்து நாள் பாரும். அந்த எண்ணிக்கையை அவர் தாண்டினால்தான் பேச்சு.

பழைய மாணவன்:
ரீச்சர் சொன்ன இதே சண்டைதான் கிரேக்கத்து 'வான்' (VAN) என்ற நிலநடுக்க முன்னறிவிப்பு முறையிலும் நடந்தது. வரோட்சோஸ் என்ற இயற்பியலாளரின் குழு நிலத்துக்குள் ஓடும் மின் சைகைகளை வைத்து 1980களில் முன்னறிவிப்பு விடத் தொடங்கியது. ஆதரித்தவர்கள் பலித்தவற்றை எண்ணினார்கள். எதிர்த்தவர்கள், 'இடமும் நாளும் அளவும் எவ்வளவு விலகினால் பலித்ததாக எடுப்பீர்கள், அதை முதலே எழுதினீர்களா?' என்று கேட்டார்கள். நடுக்கங்கள் கூட்டமாக வருபவை. ஒன்று வந்ததும் 'இன்னொன்று வரும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே கொஞ்சம் பலிக்கும். அதையும் கழிக்க வேண்டும். 1996இல் ஒரு புவி இயற்பியல் சஞ்சிகை இந்த விவாதத்துக்கென்றே சிறப்பிதழ் போட்டது.

தவறவிட்டதையும் எண்ணுங்கள். சீனாவில் 1975இல் ஹைச்செங் மக்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். அடுத்த வருடம் தாங்ஷானுக்கு எச்சரிக்கை இல்லை. இரண்டு லட்சத்துக்கு மேல் செத்தார்கள்.

பூகோள ரீச்சர்:
ஒன்றை அப்பாவிடம் கட்டாயம் சொல்லும். சுனாமி எச்சரிக்கை வேறு. அது நடுக்கம் வந்த பிறகு கருவி அளந்து சொல்வது. 2012 ஏப்ரல் 11இல் 8.6 வந்தபோது நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோமே, பெரிய அலை வராவிட்டாலும் அந்த ஓட்டம் சரி. அந்த எச்சரிக்கை வந்தால் மேட்டுக்குத்தான் போக வேண்டும், என்ஜினைக் காப்பாற்ற நிற்கக் கூடாது.

திருக்கடலூர்ப் பிள்ளை:
ரீச்சர், செய்து பார்த்தேன். தம்பிதான் துண்டு எடுத்தான். 12இல் 11! அந்த மனிதரை விட டின் ஒன்று கூட. நேற்று இரவு இரண்டு பக்கத்தையும் அப்பாவுக்குக் காட்டினேன். கனநேரம் பேசவில்லை. அப்புறம் பேனையை வாங்கி, 12 தரம் பத்து 120 நாள் என்று எழுதி, அந்த நாள்களில் எத்தனை பெட்டி சூடை மீன் போயிருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கினார். மேட்டுக்குப் போவதற்கும் தலையாட்டினார். என்ஜின் இன்னும் விறாந்தையில்தான் இருக்கிறது.