74 வயது அப்பா: ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினால் தூக்கம் வருமா?

கேள்வி:
அப்பாவுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபில்டர் காபி. ஒன்பதரைக்கு மூன்று தோசை, சாம்பார், ஊறுகாய், கடைசியில் பெரிய டம்ளரில் உப்புப் போட்ட மோர். பத்து மணிக்குப் படுக்கை. ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார், நெஞ்சு கரிக்கிறது என்கிறார். சர்க்கரைக்கு காலை, இரவு கிளிமிபிரைட் மாத்திரை. ராத்திரிக்கு வெறும் பால் போதுமா?

பதில் 1:
அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் நிறுத்தவே கூடாதுங்க. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைக்கும். நடுராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடும். பனியன் வியர்வையில் நனைந்திருப்பது, கெட்ட கனவு, காலையில் தலைவலி எல்லாம் அதன் அடையாளம். மூன்று மணிக்கு எழும்போது ஒருநாள் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விடிந்ததும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
நெஞ்சு கரிப்பதற்குக் காரணம் தோசையை விட, சாப்பிட்ட அரை மணியில் படுப்பதுதான். ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்தால் மூன்று மணி நேரம் கிடைக்கும். எண்ணெய் குறைய இட்லியோ இடியாப்பமோ கொடுங்கள். தலையணையை அடுக்காதீர்கள், உடம்பு இடுப்பில் மடங்கி வயிறு அழுந்தும், கரிப்பு கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 செ.மீ. உயரக் கட்டை வையுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும்.

காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக் காபியில் பாதி பதினொரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். சட்டென்று நிறுத்தினால் தலைவலி வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை மணி வீதம் முன்னே நகர்த்தி, மதியத்தோடு முடித்துவிடுங்கள்.

பதில் 3:
சிறுநீருக்கு எல்லோரும் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள், உப்பை மறந்துவிடுவார்கள். சாம்பார், ஊறுகாய், உப்பு மோர் மூன்றும் ஒரே வேளையில்! மிஞ்சிய உப்பை வெளியேற்ற சிறுநீரகம் ராத்திரியெல்லாம் வேலை செய்யும். ஜப்பானில் நாகசாகி ஆய்வில், தினசரி உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் ராத்திரி எழுவது 2.3 தடவையிலிருந்து 1.4 ஆனது. மோரையும் ஊறுகாயையும் மதியத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரைப் பகலிலேயே குடித்துவிடட்டும். ரசம், கஞ்சி, தர்பூசணியும் தண்ணீர்க் கணக்குதான்.

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் காலில் நீர் கோத்திருக்கிறது. படுத்ததும் அது சிறுநீராக வரும். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மணி நேரம் கால்களை உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள். வீக்கம் புதிதாக வந்திருந்தால் இதயம், சிறுநீரகம் இரண்டையும் பரிசோதிக்க வேண்டும்.

கேட்டவர்:
பால் கொடுக்கலாமா? சாப்பாடு ஏழு மணிக்கு என்றால் மாத்திரை?

பதில் 1:
எட்டரைக்குள் அரை டம்ளர் பால் கொடுக்கலாம். தூக்க மருந்துபோல வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாத்திரை சாப்பாட்டோடுதான், அதுவும் ஏழு மணிக்கு நகரும். காலை டிபன் வரை இடைவெளி நீளுவதால், நேரத்தை மாற்றும் முன்பே அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.