மறு: ‘ஹாட் ஹேட்ச்’ என்பதற்குத் தமிழில் என்ன? ‘துடிக்கதவி’ என்று ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையில் வந்த மடல்களை இன்று காலை உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். இதுவரை வந்த சொற்கள்: சூட்டுமகிழுந்து, அனலுந்து, விரைவுமகிழுந்து, முறுக்குந்து, அப்புறம் ‘சூடான பின்திறப்பு’. கடைசிச் சொல்லைத் தவிர மற்ற நான்கும் வேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வண்டியை விட்டுவிட்டன என்பது என் கருத்து. வேகமாகப் போகும் கார் என்றால் அதற்குப் பந்தயக் கார், ஸ்போர்ட்ஸ் கார் என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது. பின்பக்கம் கண்ணாடியோடு கதவைத் தூக்கித் திறக்கும் ஹேட்ச்பேக் காரில் வலுவான எஞ்சினை வைத்த ஹாட் ஹேட்ச் என்பது வேறு பிறவி. திங்கட்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, சாயங்காலம் டிக்கியில் அரிசி மூட்டை ஏற்றி வரும் அதே வீட்டுக் கார், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் சிலிர்த்துக்கொண்டு ஓட வேண்டும். சொல்லில் இந்த இரண்டு பாதியும் இல்லையென்றால் அது பாதிச் சொல்தான்.

இதன் தொடக்கத்தைப் பார்த்தாலே இது புரியும். ஃபோக்ஸ்வாகன் 1974இல் கோல்ஃபைக் கொண்டுவந்தபோது அடிப்படை வண்டிக்கு 50 குதிரைத்திறன். 1976இல் அதே உடம்பில் எரிபொருள் உட்செலுத்தும் 1.6 லிட்டர் எஞ்சினை வைத்து 110 குதிரைத்திறனோடு ஜிடிஐ என்று விட்டார்கள். முதலில் போட்ட திட்டம் 5,000 வண்டிகள்தான், பந்தய விதிக்குத் தேவையான அளவு. ஆனால் அந்த முதல் தலைமுறை மட்டுமே 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் போய்விட்டது. வேகத்துக்காக மட்டும் அவ்வளவு பேர் வாங்கியிருக்க மாட்டார்கள். ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் கதவைத் தூக்கிச் சாமான் போடலாம், வேகமும் உண்டு, இதற்கென்று தனியாக இன்னொரு கார் வாங்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம். ‘ஹாட் ஹேட்ச்’ என்ற பேச்சு அதற்குப் பிறகு 1980களில் பிரித்தானிய வாகன இதழ்கள் வழியாகப் பரவியது.

சரி, ஒரு கலைச்சொல் நிற்குமா விழுமா என்று பார்க்க நெருங்கிய உறவுள்ள பொருள்களின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நம் கண்முன்னே நல்ல இணை இருக்கிறது. 2025இல் இந்தியாவுக்கு முழு இறக்குமதியாக இரண்டு வண்டிகள் வந்தன: மே மாதம் கோல்ஃப் ஜிடிஐ, அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். வந்தபோது ஒன்று ஏறத்தாழ 53 லட்சம், மற்றது 50 லட்சம். கம்பெனிப் பெயர் வேறு, உள்ளே அண்ணன் தம்பி. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே; 2 லிட்டர் டர்போ எஞ்சின் ஒன்றே; 265 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, 7 கியர் டிஎஸ்ஜி (தானே கியர் மாற்றும் பெட்டி), முன்சக்கர இழுவை எல்லாம் இரண்டிலும் அதேதான்.

ஆனால் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட கோல்ஃபுக்கு 5.9 நொடி, ஆக்டேவியாவுக்கு 6.4. அரை நொடி எங்கே போயிற்று? உடம்பில் போயிற்று. கோல்ஃபின் நீளம் 4.3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆக்டேவியா 4.7 மீட்டர். அந்த நாற்பது சென்டிமீட்டரும் கூடவே வரும் எடையும்தான் அரை நொடியை எடுத்துக்கொள்கின்றன. அதற்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்: கோல்ஃபின் டிக்கி சுமார் 380 லிட்டர், ஆக்டேவியாவுக்கு 600 லிட்டர். பின் இருக்கையை மடித்தால் 1,555. அரை நொடியைக் கொடுத்து இருநூறு லிட்டருக்கு மேல் இடம் வாங்குவது குடும்பக்காரனுக்கு லாபமான பேரம் என்றுதான் நான் சொல்வேன். தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவருக்கு, வளைவில் மூக்கைத் திருப்பியவுடன் உடம்பு முழுக்கத் திரும்புகிற அந்தச் சின்ன வண்டிதான் பிடிக்கும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

இதை வெறும் எண்ணாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் (2017இல் வந்த 230 குதிரைத்திறன் வண்டி) மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் போனோம். அவர் மகளுக்கு வாங்கிய சைக்கிளின் முன்சக்கரத்தை மட்டும் கழற்றிவிட்டு முழுசாக உள்ளே படுக்க வைத்தோம், கூடவே இரண்டு பெட்டி, ஒரு மூட்டை. சாமானை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வண்டி இறங்கிய விதத்தைப் பார்த்தபோது, காலையில் சைக்கிள் சுமந்தது இதுதானா என்று தோன்றியது. அப்போது நண்பர் தன்னையறியாமல் சொன்ன சொல்தான் என் முன்மொழிவின் வேர்: “வண்டி துடியா இருக்குல்ல?”

துடி. கோவைப் பக்கத்தில் இது அன்றாடச் சொல். துடியான பையன், துடியான காளை என்போம். துடியான சாமி என்றால் கூப்பிட்டவுடன் வந்து நிற்கும் சாமி. மிதித்தவுடன் பதில் சொல்லும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. சூடு என்றால் நம் காதில் என்ன விழுகிறது? ‘வண்டி சூடாயிடுச்சு’ என்றால் ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை, ஓரங்கட்டு என்று பொருள். அனல் என்றால் அனல் மின் நிலையம். விரைவு என்றால் விரைவுப் பேருந்து. போதாததற்கு இந்த வண்டிகளின் சிறப்பு உச்ச வேகமும் இல்லை, பிக்கப்பும் வளைவும்தான். முறுக்கு நல்ல சொல், ஆனால் முறுக்கு விசை என்று டார்க்குக்குக் கொடுத்துவிட்டோம், ஒரே துறையில் ஒரே வேருக்கு இரண்டு வேலை கொடுத்தால் பிற்பாடு பாடநூல் எழுதுகிறவர்கள் திணறுவார்கள்.

இனி ஹேட்ச். இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன்.

> ‘பின்திறப்பு’ எளிமையாகத்தானே இருக்கிறது, ஏன் விட வேண்டும்?

ஐயா, எளிமைதான். ஆனால் யாழ்ப்பாணத்து அக்கா நேற்றே சுட்டிக்காட்டியதுபோல இலங்கைத் தமிழில் திறப்பு என்றால் சாவி. அவர்கள் காதில் இது ‘பின்சாவி’ என்று விழும். உலகத் தமிழருக்கெல்லாம் என்று ஒரு சொல் செய்யும்போது அதைத் தள்ளிவிட முடியாது. பின்கதவு என்றால் அதுவும் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்ட சொல், பேச்சிலும் ‘பின்கதவு வழியாக’ என்றால் நேர்மையற்ற வழி.

ஹேட்ச்பேக்கின் அடையாளம் கதவு பின்னால் இருப்பது அல்ல, எல்லாக் காருக்கும் பின்னால் ஏதோ ஒன்று திறக்கத்தான் செய்கிறது. செடானில் டிக்கி மூடி மட்டும் திறக்கும், கண்ணாடி அப்படியே இருக்கும். ஹேட்ச்பேக்கில் கூரையில் கீல் வைத்து, பின் கண்ணாடியோடு சேர்த்து மொத்தமாக மேலே தூக்குகிறோம். அதனால்தான் சைக்கிள் உள்ளே போகிறது. ஆகவே அது ‘தூக்குக்கதவு’. தூக்குப்பாலம், தூக்குச்சட்டி என்று நமக்குப் பழகிய அமைப்புதான். அந்தக் கதவை உடைய வண்டி ‘தூக்குக்கதவி’. நான்கு கால் உடையது நாற்காலி, மூன்று கால் உடையது முக்காலி, அதே இகர விகுதி. கார்க்காரர்கள் த்ரீ டோர், ஃபைவ் டோர் என்று பின்கதவையும் சேர்த்தே எண்ணுவதால் முக்கதவி, ஐங்கதவி என்பனவும் கூடவே கிடைத்துவிடுகின்றன. (ஐங்கதவி என்பதையே ஹேட்ச்பேக்குக்குப் பொதுப்பெயராக வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முடியாது. பெஜோ 205 ஜிடிஐ முக்கதவியாக மட்டுமே வந்தது, 2016இல் இந்தியாவில் 99 வண்டி மட்டும் விற்க வந்த போலோ ஜிடிஐயும் முக்கதவிதான். இவற்றை வெளியே தள்ளும் பொதுப்பெயர் பொதுப்பெயரே அல்ல.)

இப்போது ஆக்டேவியாவுக்கு வருவோம். தூரத்தில் பார்த்தால் செடான் மாதிரி நீட்டிக்கொண்டு இருக்கும். ‘பின்திறப்பு’, ‘சிறு மகிழுந்து’ போன்ற சொற்களால் அது எந்த வகை என்று முடிவு சொல்ல முடியாது. ‘தூக்குக்கதவி’ சொல்லும்: கதவைத் தூக்கினால் கண்ணாடியும் சேர்ந்து மேலே போகிறது, ஆகவே இந்த வகைக்கு உள்ளே. அமெரிக்காவில் விற்கும் ஜெட்டா ஜிஎல்ஐ இதே குடும்பம், இதே 2 லிட்டர் எஞ்சின் வகை, ஆனால் கண்ணாடி அசையாது, ஆகவே வெளியே. இப்படி எல்லைக் கோட்டில் நிற்கிற வண்டியையும் பிரித்துச் சொல்கிறது என்பதுதான் இந்தச் சொல்லின் மேல் எனக்கு நம்பிக்கை வரக் காரணம்.

இரண்டையும் சேர்த்தால் துடித்தூக்குக்கதவி என்று நாக்கு தடுக்கும். ஆங்கிலத்திலும் ஹேட்ச்பேக்கின் பின்பாதியை விட்டுவிட்டுத்தான் ஹாட் ஹேட்ச் என்றார்கள். நாமும் தூக்கை விட்டுவிடலாம்: துடிக்கதவி. ஆறெழுத்து, பட்டறையிலும் சொல்லலாம், பாடநூலிலும் எழுதலாம்.

> துடி என்றால் பறை வகையைச் சேர்ந்த இசைக்கருவி அல்லவா? துடியிடை என்கிறோமே?

உண்மை. சங்க இலக்கியத்தில் துடி கருவிதான். ஆனால் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது தமிழுக்குப் புதிதல்ல, இடம் பார்த்துப் பொருள் கொள்கிறோம். துடிப்பு, துடிதுடிப்பு, துடுக்கு என்ற சொற்கள் பக்கத்திலேயே இருப்பதால் கார் பற்றிய பேச்சில் யாரும் உடுக்கையை நினைக்க மாட்டார்கள்.

> வலி மிகுமா? வினைத்தொகை என்றால் ‘துடிகதவி’ என்றல்லவா வர வேண்டும்?

நல்ல கேள்வி. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாகக் கொண்டால் மிகாது. ஆனால் அப்படிக் கொண்டால் துடிக்கிற கதவு என்று ஆகிவிடும், கதவு துடிக்கவில்லை. இங்கே துடி என்பது பெயர், துடியை உடைய கதவி. அதனால் மிகும் என்பது என் கருத்து. இலக்கணம் முறையாகக் கற்றவர்கள் இதை மறுத்தால் திருத்திக்கொள்கிறேன்.

இன்னொரு வசதியையும் சொல்ல வேண்டும், தனிச் சொல்லாக நிற்பதைவிட குட்டி போடும் சொல்தான் நிலைக்கும் என்பது என் அனுபவம். ஆங்கிலத்தில் ஹாட் ஹேட்சுக்குக் கீழே வார்ம் ஹேட்ச் என்று ஒன்று உண்டு. ஹூண்டாய் ஐ20 என் லைன், டாடா ஆல்ட்ரோஸ் ரேஸர் போன்றவை. இரண்டுமே 120 குதிரைத்திறன். இவற்றை ஹாட் ஹேட்ச் என்று விளம்பரத் தொனியில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் சாதாரண வண்டி என்று தள்ளவும் மனம் வராது, ஆல்ட்ரோஸில் 345 லிட்டர் டிக்கியோடு அந்த எஞ்சின் கிடைப்பது நம் ஊர்ச் சம்பளக்காரருக்கு எட்டுகிற நல்ல செய்தி. இவை ‘இளந்துடிக்கதவி’. மேலே கோல்ஃப் ஆர் இருக்கிறது: எட்டாம் தலைமுறை வந்தபோது 320 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை, 4.7 நொடி. அது ‘கடுந்துடிக்கதவி’. ஏழாம் தலைமுறையில் ஜிடிஐக்கு 380 லிட்டர் இருந்த டிக்கி ஆர் வண்டியில் 343 ஆகக் குறைந்தது, பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் உறுப்புகள் தரைக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்டதால். துடி ஏற ஏறக் கதவுக்குப் பின்னால் இடம் சுருங்குகிறது. அடைமொழி மாறுவதிலேயே வாசகருக்கு அந்தக் கணக்கின் ஒரு பக்கம் தெரிந்துவிடும்.

மின்வண்டிகளுக்கு இது பொருந்துமா என்று கேட்டவருக்கு: பொருந்தும். ரெனோ 5 மின்காரை அடியாக வைத்துச் செய்த ஆல்பைன் ஏ290 வண்டியில் 220 குதிரைத்திறன், நூறைத் தொட 6.4 நொடி, நம் ஆக்டேவியாவுக்குச் சமம். அங்கே எரிகிற எஞ்சினே இல்லை, சூடு, அனல் என்றெல்லாம் பெயர் வைத்திருந்தால் அங்கே இடறும். துடிக்கு எரிபொருள் கணக்கு கிடையாது.

ஆகவே நம் கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்:

தூக்குக்கதவி – பின் கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கித் திறக்கும் கதவுடைய மகிழுந்து.
துடிக்கதவி – வீட்டுப் பயன்பாடு குறையாமல் எஞ்சின் அல்லது மோட்டார், நிறுத்தி (பிரேக்), தாங்கமைப்பு ஆகியவற்றை வலுவாக்கிய தூக்குக்கதவி.

‘தாங்கமைப்பு’ சஸ்பென்ஷனுக்கு நான் தற்காலிகமாக எழுதியது. அதற்குத் ‘தொங்கல்’ என்று முன்பு ஒரு இழையில் முடிவானதாக நினைவு. அந்த மடல் யாரிடமாவது இருந்தால் இங்கே அனுப்புங்கள், அதன்படியே மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்.