புதுப்பிப்பு: மாலத்தீவு நீரோட்டத்துக்கு எந்த ஃபின்?

மாலத்தீவில் ஸ்கூபா டைவிங் செய்ய என்னிடமுள்ள ஸ்பிளிட் ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பில், தகடு நடுவே பிளந்திருக்கும் வகை) போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டதால் விடையை நானே எழுதுகிறேன்.

பவளத்திட்டுக்கு உட்புறமுள்ள அமைதியான நீரில் அது முழங்காலை நோகடிக்காமல் நன்றாகவே உழைத்தது. ஆனால், திட்டுகளுக்கு நடுவே கடல் புகுந்து வெளியேறும், உள்ளூரில் ‘கண்டு’ எனப்படும் வாய்க்காலில் எதிரோட்டம் பிடித்தபோது, எவ்வளவு உதைத்தும் கீழிருந்த ஒரே பவளப்பாறை என் கண்ணெதிரிலேயே நின்றது. சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் மானியின் முள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் வாடகைக்கு எடுத்த குட்டையான, விறைப்பான ரப்பர் ஃபினில் தவளை உதை ஒழுங்காக விழுந்ததோடு, பின்னோக்கி நகரவும் முடிந்தது. ஊர் திரும்பியதும் அந்த வகையையே வாங்கிவிட்டேன்.

அதன் கனம் விமானப் பெட்டியில் உறுத்தத்தான் செய்யும். குளிர்நீரில் டிரைசூட் (நீர் புகாத, உள்ளே காற்று நிற்கும் உடை) அணிபவர்களுக்கோ அந்தக் கனமே அனுகூலம். காற்றேறி மேலே மிதக்கும் கால்களை அது கீழே அமர்த்தும்.

குதிகால் திறந்த வகையென்பதால், கடையில் நியோபிரீன் பூட்டியை (ஃபினுக்குள் அணியும் தடித்த ரப்பர் காலணி) மாட்டிக்கொண்டே அளவு பாருங்கள். நான் வெறுங்காலில் பார்த்துவிட்டு, பிறகு மாற்றுவதற்கு இரண்டு நடை அலைந்தேன்.