எல்டர்பெரி: ஆர் ஆருக்கு என்ன நடந்தது?

ஹம்பர்க் அக்கா:
செப்டம்பர் மாசம், வேலியோரம் எல்டர்பெரிப் புதரில கறுத்துத் தொங்கின சின்னப் பழக் குலைகள். சின்னவன் ஒரு பிடி உருவி வாயில போடப் போறான். வணக்கம் சொன்னாலும் திரும்பிப் பாக்காத பக்கத்து வீட்டுக் கிழவி ஓடி வந்து, அவன்ர விரலை ஒவ்வொண்டா விரிச்சுப் பழத்தைத் தட்டி விட்டா. பிள்ளை வீறிட்டுக் கத்த எனக்கு ஏறின கோபம்! பச்சையாத் தின்னக் கூடாதாம், அவிக்கோணுமாம். அடுத்த நாள் ஒரு சட்டி சூப் வந்தது: பழச்சாறு, ஆப்பிள் துண்டு, ரவை உருண்டை. உங்களில ஆராவது பச்சையாத் திண்டனீங்களா?

மியூனிக் பையன்:
நான் தின்னேன், நாலஞ்சு பழம். ஒண்ணும் ஆகல. அந்தப் பாட்டி ஓவரா பயமுறுத்தியிருக்காங்க. பழத்தை விடுங்க, பூதான் விஷயமே. ஜூன்ல ஃப்ரெண்டு வீட்டுல பூங்கொத்தைக் காம்போட மாவுல முக்கிப் பொரிச்சாங்க, நம்ம பஜ்ஜி மாதிரிதான், மேல சர்க்கரைப் பொடி. கழுவக் கூடாதாம், மகரந்தம் போனா மணமும் போயிடுமாம். உதறினா போதும்னாங்க. உதறினப்போ விழுந்த கறுப்புப் பூச்சிகளைப் பாத்த பிறகும் எப்படித் தின்னேன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

டொரொண்டோ அண்ணை:
தம்பி, "ஒண்ணும் ஆகல" எண்டு பொதுவில எழுதாதேங்கோ. 1983 ஆகஸ்டில கலிபோர்னியா மாண்டரே பக்கம், இலை தண்டோட நசிச்ச பச்சைச் சாறு குடிச்சு 11 பேருக்கு வருத்தம். 8 பேரை ஹெலிகொப்டரில கொண்டு போனவை. சயனைட் விடுற சாமான் இலை, தண்டு, காயில இருக்கு. பழத்தை நல்லாக் கொதிக்க வைச்சாப் பிரச்சினை இல்லை.

என்ர கதை சின்னது. விடியப் பறிப்பம் எண்டிருந்தன், குருவிக் கூட்டம் முந்தீட்டுது. வெறும் சிவப்புக் காம்புதான் மிச்சம்.

இந்தச் செடி வைக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன். ஆடம்ஸ், யோர்க் எண்டு ரெண்டு வகையையும் கிட்டக் கிட்ட வையுங்கோ, காய் கூடப் பிடிக்கும். இலை கொட்டின காலத்தில பென்சில் மொத்தத்தில தடி வெட்டி ஊண்டினாலே வேர் விடும். வேர் மேலாலதான் ஓடும், அதால களை விடாதேங்கோ, கோடையில தண்ணி குறைக்காதேங்கோ. மூண்டு வருசம் தாண்டின தடியை அடியோட வெட்டுங்கோ, ரெண்டாம் வருசத் தடியிலதான் நல்ல காய்ப்பு. குலையை ஃப்ரீசரில வைச்சு உதறினாப் பழம் தானாக் கழரும். குருவிக்கு வலை கட்டாயம்.

சுவிஸ் மாமி:
தடி வெட்டுறது பற்றி ஆர் கேட்டது? பழம் ஆயப் போறவைக்கு ஒண்டு சொல்லுறன். குலை தொங்காமல் நிமிர்ந்து நிண்டா கிட்டப் போகாதேங்கோ. அது வேற சாதி, நஞ்சு. மாரியில அடியோட பட்டுப் போகும், இலையைக் கசக்கினா நாத்தம். காட்டுக் கரையில ஒரு சோடி கூடையோட நிண்டு அதைத்தான் ஆய்ஞ்சுகொண்டிருந்தினம். சொன்னன், சிரிச்சுப் போட்டுத் திரும்பவும் ஆய்ஞ்சினம். பிறகு என்ன ஆச்சுதோ.

மியூனிக் பையன்:
அண்ணே, நான் சாறே குடிக்கல, நாலு பழம்தான்! அது சரி, சிரப் காய்ச்சறப்போ விதையை வடிகட்டணுமா?

ஹம்பர்க் அக்கா:
ஓம், வடியுங்கோ. நல்ல துணியில மட்டும் வேண்டாம், அந்த ஊதாக் கறை லேசில போகாது.